காதுக்குள்ள இருக்குற அந்தக் குட்டி பேட்டரி

புது இயர்பட்ஸ் வாங்கி இன்னையோட 3 மாசம் ஆகுது. பெட்டிய பிரிச்ச அன்னைக்கே எழுதிடணும்னு கை பரபரத்துச்சு, ஆனா முதல் வாரத்துல எழுதுனா அது பெரும்பாலும் பளபளப்ப பத்தின பேச்சா தான் இருக்கும், கேஸ் மூடுற சத்தம் எவ்வளவு அழகா இருக்கு, பெயிண்ட் எப்படி இருக்குன்னு. அதனால வேணும்னே தள்ளிப் போட்டேன். இந்த 3 மாசத்துல தினம் அஞ்சாறு மணி நேரம் இது என் காதுல இருந்திருக்கு, வேலை நேரத்துல, பஸ்ல, நடக்கும்போது, ஃபோன் பேசும்போது, சில ராத்திரி தூங்கும்போது கூட. இப்போ எனக்கு சொல்றதுக்கு ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, நான் இதுவரைக்கும் கையில எடுத்த எலக்ட்ரானிக்ஸ்லயே இவ்வளவு சின்ன இடத்துல இவ்வளவு மூளைய அடைச்சு வெச்ச பொருள் வேற இல்ல. ரெண்டாவது, அத்தனை மூளையும் ஒரு சட்டை பட்டன் சைஸ் பேட்டரிய நம்பி இருக்கு, அந்த பேட்டரிய மாத்த வழியே இல்லாம ஒட்டி வெச்சிருக்காங்க. அது எனக்கு மனசுக்கு ஒப்பவே இல்ல.

முதல்ல நல்லத சொல்லிடறேன், ஏன்னா நல்லது நிறைய இருக்கு.

போட்ட உடனே செஞ்ச முதல் வேலை, ஃபேனுக்கு நேர் கீழ சேர் போட்டு உக்காந்து நாய்ஸ் கேன்சலேஷன ஆன் பண்ணதுதான். பாட்டு எதுவும் போடல, சும்மா ஆன் மட்டும். அந்த ம்ம்ம்ம்னு இருக்குற அடி சத்தம் இருக்கே, அது யாரோ போர்வைய போட்டு மூடின மாதிரி ஒரே அமுக்கா அமுங்கிப் போச்சு. ஆனா ஃபேன்ல ஒவ்வொரு சுத்துக்கும் வர்ற அந்த சின்ன க்ளிக் மட்டும் அப்படியே இருந்துச்சு, அதுவும் முன்னாடியவிட தெளிவா. டேபிள் மேல இருந்த பேப்பர் ஓரம் படபடக்குறது கேட்டுச்சு. ஏன் ஒண்ணு போகுது இன்னொண்ணு போகலன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு கேள்வி, இந்த தடவ உக்காந்து கணக்கு போட்டே பாத்துட்டேன்.

வெளிய இருக்குற மைக் சத்தத்த முதல்ல கேக்குது, உள்ள இருக்குற சிப் அந்த அலைய தலைகீழா திருப்பி ஸ்பீக்கர்ல விடுது, மேடும் பள்ளமும் சேந்தா சமதளம் ஆகிடும், இவ்வளவுதான் கதை. ஆனா இதுக்கு கிடைக்கிற டைம பாருங்க. ஒலி ஒரு வினாடிக்கு சுமாரா 343 மீட்டர் போகும், வெளி மைக்குக்கும் உள்ள ஸ்பீக்கர் பக்கத்துக்கும் நடுவுல 2 சென்டிமீட்டர்னு வெச்சா கூட, ஒரு வினாடிய 10 லட்சமா பிரிச்சு அதுல 60 பங்கு கூட முழுசா கிடைக்காது. அதுக்குள்ள கேட்டு, கணக்கு போட்டு, திருப்பி விடணும். இப்போ ஒரு 60 பங்கு லேட் ஆகுதுன்னு வெச்சுக்கோங்க. 100 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 100 அலை வர்ற சத்தத்துல ஒரு அலை முடிய 10 மில்லி செகண்ட் ஆகும், அதுல இந்த லேட் ஒரு சதவீதம் கூட இல்ல, அதனால அழகா அமுங்கிடும். 5000 ஹெர்ட்ஸ்ல ஒரு அலையே 200 பங்குல முடிஞ்சிடும், அங்க அதே 60 பங்கு லேட்டுன்னா 30 சதவீதம். அலையோட ஆறுல ஒரு பங்குக்கு மேல பிந்திட்டா, தலைகீழ் அலை சத்தத்த குறைக்கிறதுக்கு பதிலா கூட்டத்தான் செய்யும். அதனால தான் பஸ் எஞ்சின், ஃபேன், ஏசி, விமானத்தோட உறுமல் எல்லாம் போயிடும், பாத்திரம் விழற சத்தமும் குழந்தை கீச்சுன்னு கத்துறதும் போகாது. அந்த கீச்சு சத்தத்த தடுக்கறது சிப் இல்ல, முனையில இருக்குற ரப்பர் தான்.

இத புரிஞ்சுக்கிட்டதுக்கு அப்புறம் தான் ரப்பர் முனைய மாத்தி மாத்தி போட்டுப் பாத்தேன். எனக்கு இடது காதுக்கு மீடியம், வலது காதுக்கு சின்னது. ரெண்டு காதும் ஒரே அளவுன்னு இவ்வளவு வருஷம் நெனச்சிட்டு இருந்தேன். பெட்டியில வர்ற மத்த சைஸ நிறைய பேரு பிரிக்கவே மாட்டாங்க, நடு சைஸ் மாட்டி வந்திருக்கும், அதையே போட்டுட்டு பேஸ், அதாவது பாட்டோட அடி சத்தம், இல்ல, நாய்ஸ் கேன்சலேஷன் வேலை செய்யலன்னு சொல்வாங்க. தயவு செஞ்சு ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி ரெண்டு காதுக்கும் தனித்தனியா போட்டுப் பாருங்க. ஒரு மெல்லிய இடைவெளி இருந்தா கூட அடி சத்தம் அது வழியா ஒழுகிடும்.

இந்த ஐடியா புதுசு இல்லங்கறது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். பால் லூக்னு ஒரு ஜெர்மன்காரர், ஒலிய ஒலியாலயே அழிக்கலாம்னு சொல்லி 1936லயே அமெரிக்காவுல பேடன்ட் வாங்கிட்டார். ஆனா அந்த காலத்து வால்வு சர்க்யூட்ட வெச்சு அத காதுல மாட்ற அளவுக்கு கொண்டு வர முடியல. அப்புறம் 1978ல அமெரிக்காவுல இருக்குற எம்ஐடி பல்கலைக்கழக புரொஃபசர் அமர் போஸ் ஒரு விமானத்துல ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டு எஞ்சின் சத்தத்துல பாட்டு சரியா கேக்காம கடுப்பாகி, அந்த பயணத்துலயே உக்காந்து கணக்கு எழுத ஆரம்பிச்சார். விமானிகளுக்கான ஹெட்செட்டா அது கடைக்கு வந்தது 1989ல, அதாவது 11 வருஷம் கழிச்சு. சாதாரண பயணிகள் காதுக்கு வர 2000 ஆச்சு. அன்னைக்கு ரெண்டு காதையும் மூடுற பெரிய கிண்ணத்துக்குள்ள இருந்த வேலைய இன்னைக்கு 5 கிராம் பொருள் செய்யுது. அஞ்சே கிராம்! அதுல ஸ்பீக்கர், மூணு மைக், ப்ளூடூத், ஆன்டெனா, டச் சென்சார், காதுல இருக்கா இல்லையான்னு பாக்குற சென்சார், பேட்டரி எல்லாம் இருக்கு. யோசிச்சுப் பாத்தா எனக்கு இன்னும் சிலிர்க்குது.

நாய்ஸ் கேன்சலேஷன நான் சொகுசுன்னு தான் முன்னாடி நெனச்சேன், இப்போ அப்படி நெனைக்கல. பஸ்ல போகும்போது எஞ்சின் சத்தத்துக்கு மேல பாட்டு கேக்கணும்னா நாம தன்னால வால்யூம ஏத்துவோம், அதுவும் தெரியாமலே. உலக சுகாதார அமைப்பு பெரியவங்களுக்கு சொல்ற அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், அதுவும் 80 டெசிபல் சத்த அளவுல. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் ஒலியோட சக்தி ரெட்டிப்பு, அதனால கேக்கலாம்ங்கற நேரம் பாதியா குறையும், 83 டெசிபல்னா 20 மணி நேரம், 86னா 10 தான். பழைய வயர் இயர்ஃபோன்ல பஸ்ல முக்கால்வாசி வால்யூம் வெச்சிட்டு இருந்தவன், இப்போ பாதிக்கும் கீழ வெச்சு கேக்குறேன், பாட்டுல இருக்குற மெல்லிய மூச்சு கூட தெரியுது. என் காது இன்னும் முப்பது நாப்பது வருஷம் எனக்கு வேணும்.

என் குரலே எனக்கு குடத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி கேக்குற தொல்லை பழைய ஜோடியில இருந்துச்சு. காத அடைச்சா தாடை எலும்பு வழியா வர்ற அடி சத்தம் வெளிய போக வழி இல்லாம உள்ளயே சுத்தும், அதான் காரணம். புதுசுல ஒரு சின்ன காத்து துவாரம் வெச்சிருக்காங்க, அது போக உள் மைக் அந்த முழக்கத்த கொஞ்சம் கழிச்சிடுது. முக்கால் மணி நேரம் கால் பேசினாலும் களைப்பு இல்ல. மொழிபெயர்ப்பு வசதி பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்ல, அது வேலை செய்யுது, ஆனா நம்ம தமிழ் மாதிரி வினைச்சொல் கடைசியில வர்ற மொழிக்கு மெஷின் வாக்கியம் முடியுற வரைக்கும் காத்துட்டு தான் இருக்கணும். போனேனா போகலையான்னு கடைசி எழுத்துல தானே தெரியும். அந்த இடைவெளி எப்பவும் இருக்கும்.

இப்போ அம்மா விஷயத்துக்கு வரேன், ஏன்னா இந்த 3 மாசத்துல எனக்கு மறக்கவே முடியாத நிமிஷம் அதுதான்.

அம்மாவுக்கு 68 வயசு. ரெண்டு மூணு வருஷமா டிவி சவுண்ட் ஏறிக்கிட்டே போச்சு, ஃபோன்ல பேசுனா என்னது என்னதுன்னு கேப்பாங்க, பத்தின்னு சொன்னா கத்தின்னு கேக்குதுன்னு சொல்வாங்க. வயசானா முதல்ல போறது மேல் ஸ்தாயி சத்தம் தான், உயிரெழுத்து எல்லாம் அடி ஸ்தாயியில கனமா இருக்கும், அது கேட்டுடும், க, ச, ப, த இந்த மெய் எழுத்துக்களோட கூர்மை மேல தான் இருக்கு, அது போயிடும், அதனால யாரோ பேசுறாங்கன்னு தெரியும் என்ன பேசுறாங்கன்னு தெரியாது. டாக்டர்கிட்ட கூட்டிட்டு போய் ஆடியோகிராம், அதாவது எந்த சத்தம் எவ்வளவு கேக்குதுன்னு பாக்குற டெஸ்ட், எடுத்தோம், லேசான குறைபாடு தான், ரெண்டு காதும் ஒரே மாதிரி, பயப்பட ஒண்ணும் இல்லன்னு சொன்னார். ஹியரிங் எய்டுன்ன உடனே அம்மா முடியவே முடியாதுன்னுட்டாங்க.

2024 செப்டம்பர்ல, அமெரிக்காவுல மருந்துக்கும் மருத்துவ உபகரணத்துக்கும் அனுமதி தர்ற எஃப்டிஏ, ஆப்பிளோட ஏர்பாட்ஸ் ப்ரோ 2 இயர்பட்ஸுக்கான ஒரு சாஃப்ட்வேர ஹியரிங் எய்டா அனுமதிச்சது, 18 வயசுக்கு மேல, லேசான அல்லது மிதமான குறைபாடு உள்ளவங்களுக்குன்னு. காதுல மாட்டி பாட்டு கேக்குற பொருள் ஒண்ணு மருத்துவ உபகரணம் மாதிரியும் வேலை செய்யலாம்னு ஆச்சு. என்னோடது வேற கம்பெனி, இதுக்கு அந்த மாதிரி அனுமதி எல்லாம் இல்ல, ஆனா செட்டிங்ஸ்ல கேட்கும் திறன் டெஸ்ட் ஒண்ணு இருக்கு, ஒவ்வொரு காதுக்கும் பீப் பீப்னு வேற வேற ஸ்தாயில மெல்லமா விடும், கேட்டா தொடணும், அத வெச்சு டிரான்ஸ்பரன்சி மோட்ல, அதாவது வெளி சத்தத்த மைக் வழியா உள்ள விடுற மோட்ல, எந்த ஸ்தாயிய எவ்வளவு தூக்கணும்னு அதுவே அட்ஜஸ்ட் பண்ணிக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் அம்மாவ உக்கார வெச்சு, புது ரப்பர் முனை போட்டு, அவங்க காதுக்கு மாட்டி விட்டு டெஸ்ட் பண்ணேன். முடிச்சிட்டு மோட ஆன் பண்ணேன். ஒரு நிமிஷம் எதுவும் பேசல. தலைய மெதுவா திருப்பி சுவத்த பாத்தாங்க.

"டேய், இந்த கடிகாரம் சத்தம் போடுமாடா?"

"ஆமாம்மா, எப்பவும் போடுமே."

"எனக்கு அது ஓடுதா நின்னுடுச்சான்னு முள்ள பாத்தா தான்டா தெரியும்."

அப்புறம் எழுந்து போய் குழாய திறந்து பாத்தாங்க, கதவ சாத்தி பாத்தாங்க, புடவை முந்தானைய ரெண்டு விரல்ல தேச்சு காதுகிட்ட வெச்சு பாத்தாங்க. நான் ஒண்ணும் சொல்லாம பாத்துட்டே இருந்தேன். ஒண்ணு மட்டும் இங்க சொல்லிடணும், திடீர்னு காது கேக்காம போனா, ஒரு பக்கம் மட்டும் குறைஞ்சா, தலை சுத்தல் இருந்தா, அதுக்கு இந்த மாதிரி பொருள் பதில் இல்ல, உடனே காது மூக்கு தொண்டை டாக்டர பாக்கணும். முதல்ல டெஸ்ட், அப்புறம் தான் கேட்ஜெட்.

அன்னைக்கு சாயங்காலம் 5 மணி நேரம் கூட ஆகல, அம்மா வந்து நிக்கிறாங்க, "சத்தம் போயிடுச்சுடா"ன்னு. பேட்டரி தீந்துடுச்சு. கேஸ்ல போட்டு திரும்ப சார்ஜ் ஏத்துனேன், ஆனா அந்த நிமிஷம் என் மனசுல ஓடுனது என் பழைய ஜோடி.

பழைய ஜோடி சரியா 22 மாசம் உழைச்சுது. முதல்ல 5 மணி நேரம் தந்தது, ஒன்றரை வருஷத்துல 3 ஆச்சு, கடைசியா வலது பக்கம் 40 நிமிஷத்துல டொய்ங்னு சொல்லி அணைஞ்சிடும், இடது இன்னும் ரெண்டு மணி நேரம் தாங்கும். அந்த மாடல்ல வலது பக்கம் தான் ஃபோனோட நேரா பேசும், இடது பக்கத்துக்கு அது தான் கடத்தும், ரெட்டை வேலை, அதனால முதல்ல அது போச்சு. ஸ்பீக்கர்ல ஒரு குறையும் இல்ல, மைக் நல்லா இருக்கு, சிப் நல்லா இருக்கு. சர்வீஸ் சென்டருக்கு எடுத்துட்டு போனேன். கவுன்டர்ல இருந்த பொண்ணு ரொம்ப பொறுமையா, "சார் இதுல பேட்டரி மாத்துற ஆப்ஷன் கிடையாது சார், வாரன்டியும் முடிஞ்சிடுச்சு, புது மாடல்ல உங்களுக்கு டிஸ்கவுன்ட் கூப்பன் தரலாம்"னு சொன்னாங்க. அவங்க மேல தப்பு இல்ல, அவங்ககிட்ட மாத்துறதுக்கு பேட்டரியும் இல்ல, திறக்க வழியும் இல்ல. கூப்பன வாங்காம வந்துட்டேன்.

இதுல கணக்கு ரொம்ப எளிமை. ஃபோன் பேட்டரி 5000 மில்லி ஆம்பியர் ஹவர்னா இயர்பட்ஸ்ல ஒரு பக்கத்துக்கு சுமாரா 50, நூறுல ஒரு பங்கு. லித்தியம் அயன் பேட்டரி எதுவா இருந்தாலும் சில நூறு தடவ முழுசா காலியாகி ஏறுனதுக்கு அப்புறம் கொள்ளளவு நல்லாவே குறைய ஆரம்பிக்கும். தினம் 8 மணி நேரம் போடுறவருக்கு ஒரு நாளைக்கே ஒன்றரை தடவ காலி ஆகுது, அப்போ 500 தடவைங்கறது ஒரு வருஷத்துக்குள்ளயே முடிஞ்சிடும். அது போதாதுன்னு, கேஸ்ல வெச்ச ஒவ்வொரு தடவையும் 100 வரைக்கும் ஏத்தி ஏத்தி வெக்கும், முழு சார்ஜ்ல, சூட்டுல கிடந்தா பேட்டரி உள்ள வேண்டாத ரசாயன மாற்றம் வேகமா நடக்கும், லித்தியம் அங்கங்க சிக்கி பயன்படாம போகும். வெயில்ல நிறுத்துன வண்டி டேஷ்போர்டுல கேஸ விட்டுட்டு போறது தான் அதுக்கு நாம செய்யுற பெரிய கொடுமை. புதுசுல 80 சதவீதத்தோட நிறுத்துற ஆப்ஷன் இருக்கு, நான் முதல் நாளே ஆன் பண்ணிட்டேன், உங்களோடதுல இருந்தா இப்பவே பண்ணுங்க.

திறக்க முடியாததுக்கு காரணம் கேட்டா தண்ணி உள்ள போகக் கூடாதுன்னு ஒட்டிட்டோம்னு சொல்றாங்க. இத என்னால ஏத்துக்க முடியல. கைக்கடிகாரம் பல பத்து வருஷமா தண்ணிக்குள்ள போகுது, பின்பக்கம் மூடிய திறந்து, பேட்டரிய மாத்தி, ரப்பர் வளையத்த சரியா உக்கார வெச்சு திரும்ப மூடுறாங்க. இன்னும் பக்கத்துல ஒரு உதாரணம் இருக்கு, அதே காதுல மாட்டுற ஹியரிங் எய்டு. அதுல 312னு ஒரு சைஸ் பேட்டரி உண்டு, ப்ரௌன் கலர் ஸ்டிக்கர் ஒட்டி வரும், 7.9 மில்லிமீட்டர் அகலம், ஸ்டிக்கர உரிச்சா காத்துல இருக்குற ஆக்ஸிஜன இழுத்து வேலை செய்ய ஆரம்பிக்கும், துத்தநாக பேட்டரி. சுமாரா ஒரு வாரம் வரும். 80 வயசு தாத்தா ஒருத்தர் குட்டி கதவ நகத்தால திறந்து, பழச கொட்டி, புதுச போட்டுட்டு பேச்ச தொடருவார். இப்போ அதுலயும் சார்ஜ் ஏத்துற மாடல் நிறைய வந்தாச்சு, ஆனா அந்த குட்டி கதவு சாத்தியம்னு உலகம் பாத்தாச்சே.

இயர்பட்ஸ்லயே செஞ்சும் காட்டிட்டாங்க. நெதர்லாந்துல இருக்குற ஃபேர்ஃபோன் 2024ல விட்ட ஃபேர்பட்ஸ்ல ரெண்டு பக்கத்துலயும், கேஸ்லயும், பேட்டரிய நாமளே மாத்திக்கலாம். ஐரோப்பிய யூனியன் கொண்டு வந்த பேட்டரி சட்டப்படி 2027 பிப்ரவரி 18ல இருந்து அங்க விக்குற கையடக்க பொருட்கள்ல பேட்டரிய பயனாளரே கழட்டி மாத்துற மாதிரி இருக்கணும், சில விதிவிலக்கோட. யூஎஸ்பி சி ஒரே சார்ஜர் விதி அங்க 2024 டிசம்பர்ல அமலுக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடியே உலகம் பூரா கேபிள் மாறிடுச்சு, அந்த மாதிரி இதுவும் எல்லாருக்கும் வந்து சேரணும்னு நான் ரொம்ப எதிர்பாத்துட்டு இருக்கேன்.

பழைய ஜோடிய தூக்கிப் போட மனசு வரல. எலக்ட்ரானிக்ஸ் வேலை தெரிஞ்ச நண்பன் ஒருத்தன் இருக்கான், அவன் வீட்டு மேஜையில ஒரு ராத்திரி உக்காந்து திறந்தோம். ஹேர் ட்ரையர்ல மெதுவா சூடு காட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தகட ஒட்டு போட்ட கோட்டுல நுழைச்சு, மயிரிழை மயிரிழையா சுத்தி வந்து திறக்க முக்கால் மணி நேரம் ஆச்சு. உள்ள வெள்ளி கலர்ல ஒரு பொட்டு பேட்டரி, மேல 1254னு எண். 12 மில்லிமீட்டர் விட்டம், 5.4 மில்லிமீட்டர் உயரம், அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம், நிறைய மாடல்ல இதே அளவு தான் வருது. ரெண்டு உலோகப் பட்டை வெல்ட் பண்ணி இருந்துச்சு, அதுல நேரா சால்டரிங் அயர்ன் வெக்க கூடாது, லித்தியம் பேட்டரிய அளவுக்கு மேல சூடு பண்ணா தீப்பிடிக்கலாம், அதனால பட்டை ஏற்கனவே ஒட்டுன பேட்டரியா தேடி வர வெச்சிருந்தோம். இத வீட்டுல எல்லாரும் செய்யுங்கன்னு நான் சொல்லல, தகடு பேட்டரிய குத்திட்டா ஆபத்து. ஆனா அந்த மூடி திறந்து உள்ள பாத்த போது, நகம் அளவு சர்க்யூட் போர்டுல நெல்லுமணி விட சின்ன பாகம் எல்லாம் வரிசையா உக்காந்திருந்தத பாத்து ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. எவ்வளவு பேரு எவ்வளவு ராத்திரி கண்ணு முழிச்சு வடிவமைச்சிருப்பாங்க. அவங்க உழைப்பெல்லாம் அந்த ஒரு பொட்டு பேட்டரிக்காக குப்பைக்கு போயிருக்கும்.

வலது பக்கம் இப்போ திரும்ப 4 மணி நேரம் ஓடுது. ஒட்டு போட்ட இடத்துல எங்கயோ லேசா காத்து ஒழுகுது போல, ஃபேன் சத்தம் அந்தப் பக்கம் முழுசா அமுங்கல, வியர்வை படாம பாத்துக்க வேண்டியிருக்கு. புது ஜோடிய அம்மாகிட்டயே குடுத்துட்டேன், மதியம் ஒரு தடவ கேஸ்ல போட்டு எடுக்க பழகிட்டாங்க, டிவி சவுண்ட் 34ல இருந்து 18க்கு வந்தாச்சு. பழச நான் போட்டுக்கிட்டு இருக்கேன், இத எழுதும்போதும் அதான் காதுல இருக்கு. ரெண்டு கேஸோட அடியிலயும் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி தேதி எழுதி வெச்சிருக்கேன், பழசுல பேட்டரி மாத்துன தேதி, புதுசுல வாங்குன தேதி. அம்மாவோட ஜோடி உள்ள என்ன நம்பர் பேட்டரி இருக்குன்னு இப்பவே தேட ஆரம்பிச்சிட்டேன்.